பர்ரா, ஜுவைரிய்யா ஆன வரலாறு

சில மாதங்களுக்கு முன் புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூரில் ஒரு வீட்டில் ஏழாம் நாள் அகீகாவுக்கு நம்மை அழைத்திருந்தார்கள். முதல் பெண் குழந்தை. தலைமுடி இறக்கி, அதன் எடைக்கு வெள்ளியின் விலையைக் கணக்கிட்டு ஏழைகளுக்கென்று எடுத்து வைத்துவிட்டார்கள். ஆடும் அறுத்தாயிற்று. பெயர் சூட்டுவது ஒன்றுதான் பாக்கி. வழக்கு அங்கேதான் இருந்தது.

குழந்தையின் அத்தா, ஜுவைரிய்யா என்று பெயர் வைக்க வேண்டுமென்று முடிவு செய்திருந்தார். கைபேசியில் எங்கோ பார்த்த பெயர்ப் பட்டியலில் அதற்கு டமாஸ்கஸ் ரோஜா என்று பொருள் போட்டிருந்ததாம். இல்லை, ரத்தினம் என்றுதான் பொருள் என்றார் அவருடைய தம்பி. உள்ளேயிருந்து நன்னி சொல்லியனுப்பியதோ வேறு. அவர் இளமையில் ஓதிய அம்மையார். ஜாரியா என்றால் அடிமைப் பெண் என்று தம் உஸ்தாத் சொல்லிக் கொடுத்ததாகவும், ஆசையாய்ப் பிறந்த பேத்தியைக் குட்டி அடிமை என்று கூப்பிடத் தமக்கு வாய் வராது என்றும், ஹஜ்ரத்தே ஒரு முடிவு சொல்லட்டும் என்றும் கூறிவிட்டார்.

அப்பெயரை முதன்மையாகச் சுமந்த அம்மையாரின் வாழ்வைத் தெரிந்துகொண்டால் இந்த வழக்குத் தானே தீரும் என்று நாம் சொன்னோம். அஸர் வரை நேரம் இருந்தது. அன்று அந்தக் கூடத்தில் அமர்ந்து சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். ரோஜா என்பது பிழை. அரபு மக்கள் ஒரு வகை ரோஜாவை ஜூரி என்பார்கள். பாரசீகத்தில் பன்னீருக்குப் பேர்போன ஜூர் என்ற ஊரால் அதற்கு அப்பெயர். ஒலி ஒத்திருப்பதைக் கண்டு யாரோ இதை அதனோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ரத்தினம் என்பதும் பிழையே. அது ஜவ்ஹர், அதில் ஹா என்ற எழுத்து உண்டு, ஜுவைரிய்யாவில் அந்த எழுத்தே இல்லை. நன்னி சொன்னதுதான் சொல்லின் வேருக்கு அருகில் வந்தது. ஆனால் அதுவும் பாதிதான்.

ஜரா என்றால் ஓடினான் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த ஜாரியா, ஓடுவது, ஓடுபவள் என்று பொருள்படும். துள்ளி ஓடித் திரியும் சிறுமியை அரபிகள் ஜாரியா என்றார்கள். பணிக்காக ஓடியாடும் அடிமைப் பெண்ணுக்கும் அச்சொல் வழங்கியது. நூஹ் நபியின் கப்பலை அல்ஹாக்கா அத்தியாயம் இதே சொல்லால் குறிக்கிறது. சுவனத்தில் ஓடும் நீரூற்றை அல்காஷியா அத்தியாயம் இதே சொல்லால் வருணிக்கிறது. இவ்வளவு ஏன், நம் ஊர்ப் பெரியவர்கள் கிணறு வெட்டி வக்ஃபு செய்யும்போது சதகத்துல் ஜாரியா என்று சொல்கிறார்களே, அதுவும் இந்தச் சொல்தான். வற்றாமல் ஓடிக்கொண்டிருக்கும் தர்மம்!

ஜாரியா என்ற சொல்லைச் சுருக்கினால் ஜுவைரிய்யா. இதை நஹ்வு, ஸர்ஃபு கிதாபுகளில் தஸ்கீர் என்பார்கள். ஹஸன் ஹுஸைன் ஆவதும், பூனையைக் குறிக்கும் ஹிர்ரா ஹுரைரா ஆவதும் இவ்வகையே. சிறுமையைக் காட்டவும் இது வரும், செல்லத்தைக் காட்டவும் வரும். நாம் ராசாத்திக்குட்டி என்று கூப்பிடும்போது குழந்தையைக் குறைத்துப் பேசுகிறோம் என்று யாராவது சொல்வார்களா? ஆக, ஜுவைரிய்யா என்றால் சின்னப் பெண், செல்லச் சிறுமி. இவ்வளவுதான் அதன் பொருள். ரோஜாவும் இல்லை, ரத்தினமும் இல்லை என்றதும் குழந்தையின் அத்தாவின் முகம் சற்று வாடியது உண்மை.

நிற்க. இப்போது அம்மையாரின் வரலாற்றுக்கு வருவோம்.

குஸாஆ என்ற பெருங்குலத்தின் கிளையான பனூ முஸ்தலிக் கூட்டத்தின் தலைவர் ஹாரிஸ் இப்னு அபீ ளிரார். அவருடைய மகளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் பர்ரா. நன்மை நிறைந்தவள், புண்ணியவதி என்பது அதன் பொருள். தலைவர் வீட்டுப் பிள்ளைக்குத் தகுந்த பெரிய பெயர்தான். தம் கூட்டத்திலேயே முஸாஃபிஃ இப்னு ஸஃப்வான் என்பவருக்கு அவர் வாழ்க்கைப்பட்டிருந்தார்.

ஹாரிஸ் மதீனாவின் மீது படையெடுக்க ஆள் திரட்டுகிறார் என்ற செய்தி அண்ணலம் பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு எட்டியது. கேள்விப்பட்டதை உடனே நம்பிவிடாமல், புரைதா இப்னு ஹுஸைப் (ரலி) அவர்களை அனுப்பி உறுதி செய்துகொண்ட பிறகே நாயகம் (ஸல்) அவர்கள் புறப்பட்டார்கள். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு ஷஃபான் மாதம் என்று வாகிதீ முதலானோரும், 6ஆம் ஆண்டு என்று இப்னு இஸ்ஹாக்கும் எழுதுகிறார்கள். முரைஸீஃ என்ற நீர்நிலையருகே நடந்த அந்தச் சண்டை வெகு நேரம் நீடிக்கவில்லை. முஸாஃபிஃ கொல்லப்பட்டார். 2,000 ஒட்டகங்களும் 5,000 ஆடுகளும் கைப்பற்றப்பட்டதாக இப்னு ஸஃது குறிக்கிறார். ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாகக் கூட்டமே சிறைப்பட்டது. அவர்களில் ஒருவராகத் தலைவரின் மகள் பர்ராவும் நின்றார். அப்போது அவருக்கு வயது 20.

காலையில் தலைவரின் செல்ல மகள். மாலையில் கணவனை இழந்து, இன்னார் பங்கு என்று குறிக்கப்பட்ட கைதி. இந்த நிலையை நம் வீட்டுப் பெண்கள் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். அக்கால உலகம் முழுவதும் போர்க் கைதிகளின் கதி இதுவாகத்தான் இருந்தது. பர்ரா, அன்ஸாரிகளின் சொற்பொழிவாளரான ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் பங்கில் வந்தார்.

அங்கே அவர் அழுது கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அடிமைப்பட்டவர் ஒரு தொகையை ஒப்புக்கொண்டு, அதைச் செலுத்தித் தம்மை விடுவித்துக் கொள்ளும் முகாதபா என்ற ஒப்பந்தம் உண்டு. அந்நூர் அத்தியாயத்தில் இதற்கு இடம் தரப்பட்டுள்ளது. பர்ரா தம் எஜமானரிடம் பேசி 9 ஊக்கியா தங்கத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். கையிலோ ஒன்றுமில்லை. ஆகவே அந்தத் தொகைக்கு உதவி கேட்டு நேரே பெருமானார் (ஸல்) அவர்களின் வாசலுக்கு வந்தார்.

அவர் வாசலில் நின்றதை முதலில் கண்டவர் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். இந்த நிகழ்ச்சியை நமக்கு அறிவிப்பவரும் அவர்களே. வந்தவர் காண்போர் மனத்தைக் கவரும் அழகுடையவராக இருந்தார் என்றும், அவரைக் கண்டதுமே தமக்குப் பிடிக்கவில்லை என்றும், தாம் கண்டதையே நாயகமும் காண்பார்கள் என்று எண்ணியதாகவும் அன்னையவர்கள் ஒளிக்காமல் சொல்கிறார்கள். தம் மனத்தில் எழுந்த சிறு பொறாமையைக்கூட மறைக்காமல் அறிவித்த அந்த நேர்மையை என்னவென்பது! அதே வாய்தான் பின்னர் அப்பெண்ணைப் பற்றி யாரும் சொல்லாத புகழைச் சொல்லப் போகிறது.

பர்ரா தாம் யார் என்பதையும், தமக்கு நேர்ந்ததையும், தாம் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தையும் எடுத்துரைத்து உதவி கேட்டார். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைவிடச் சிறந்த ஒன்றை முன்வைத்தார்கள். ஒப்பந்தத் தொகையைத் தாமே செலுத்திவிட்டு அவரை மணந்துகொள்வதாகச் சொன்னார்கள். அவர் சம்மதித்தார். தொகை செலுத்தப்பட்டது, நிக்காஹ் நடந்தது.

செய்தி வெளியே பரவியது. படைவீரர் ஒவ்வொருவர் வீட்டிலும் பனூ முஸ்தலிக் கைதிகள் இருந்தார்கள். அவர்களெல்லாம் இப்போது நாயகத்தின் மாமனார் வீட்டு உறவினர் ஆகிவிட்டார்களே, அவர்களை எப்படி அடிமைகளாக வைத்திருப்பது என்று ஸஹாபாக்கள் கருதினார்கள். யாரும் கட்டளையிடவில்லை. பணம் எதையும் பேசவில்லை. 100 குடும்பத்தார் அந்த ஒரே திருமணத்தால் விடுதலை பெற்றார்கள். தம் கூட்டத்தாருக்கு இவரைவிட அதிகமான பரக்கத்தைக் கொண்டுவந்த வேறொரு பெண்ணைத் தாம் அறிந்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வாசலில் கண்டபோது பிடிக்கவில்லை என்று சொன்ன அதே அன்னை!

இப்னு ஹிஷாமில் மற்றோர் அறிவிப்பும் இருக்கிறது. மகளை மீட்க ஹாரிஸ் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு வந்தார். அகீக் பள்ளத்தாக்கை அடைந்தபோது அவற்றில் இரண்டின் மீது ஆசை விழவே, அவற்றை மட்டும் ஒரு கணவாயில் மறைத்து வைத்துவிட்டு மதீனா வந்தார். மறைத்துவைத்த அந்த இரண்டும் எங்கே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதும் திகைத்துப்போய், அல்லாஹ்வைத் தவிர வேறெவரும் அறியாத செய்தி இது என்று கூறிக் கலிமாச் சொன்னார். அவருடன் வந்த இரு மக்களும் இஸ்லாத்தைத் தழுவினார்கள். தந்தையிடம் பெண் கேட்டு 400 திர்ஹம் மஹர் கொடுத்து மணந்ததாக இந்த அறிவிப்பு சொல்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நேரில் கண்டு சொன்னதையே நாம் முதன்மையாகக் கொள்கிறோம். என்றாலும் அந்தத் தந்தையின் இரண்டு ஒட்டக ஆசையைச் சொன்னபோது கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் அங்கே பலர் இருந்தார்கள்.

இனிப் பெயர் மாறிய விஷயம். வீட்டுக்கு வந்த மருமகளுக்குப் புதுப் பெயர் இடும் வழக்கம் சில சமூகங்களில் உண்டு. நம் மார்க்கத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் காரணம் இருந்தால்தான் பெயரை மாற்றினார்கள். உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு, மாறு செய்பவள் என்று பொருள்படும் பெயர் இருந்தது. அதை அழகி என்னும் பொருளுடைய ஜமீலா என்று மாற்றினார்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெயரையும், ஃபிர்அவ்னின் மனைவியான ஆஸியா அம்மையாரின் பெயரையும் தமிழில் எழுதினால் இரண்டும் ஆஸியாதான்! அரபியில் எழுத்துகளே வேறு. ஆகையால் ஆஸியா என்று பெயர் வைத்துள்ள சகோதரிகள் கலங்க வேண்டாம். அரபு எழுத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் பர்ரா என்பது கெட்ட பெயர் அல்லவே! நல்ல பொருளுடைய பெயரை ஏன் மாற்ற வேண்டும்? இங்கேதான் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களுக்கும் முன்பு பர்ரா என்றே பெயர். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகள் ஸைனபுக்கும் அதே பெயர்தான். தன்னைத் தானே புண்ணியவதி என்று சொல்லிக்கொள்வது போல் இருக்கிறது, உங்களில் நல்லோர் யாரென்பதை அல்லாஹ்வே அறிவான் என்ற கருத்தில் அந்தப் பெயர் மாற்றப்பட்டதாக ஹதீஸ்களில் வருகிறது. ஜுவைரிய்யா (ரலி) அவர்கள் விஷயத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இன்னொரு காரணத்தை அறிவிக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வீட்டிலிருந்து வெளியே செல்லும்போது, பர்ராவை விட்டுச் சென்றார்கள் என்று ஜனங்கள் சொல்வார்கள். புண்ணியத்தை விட்டுச் சென்றார்கள் என்பது போல் அது காதில் விழும். அதை அவர்கள் விரும்பவில்லை.

பெரிய பெயரை எடுத்துவிட்டுச் சின்னப் பெண் என்ற எளிய பெயரைக் கொடுத்தார்கள். கொடுக்கப்பட்டபோது அவர் அடிமையாக இருக்கவில்லை. விடுதலை பெற்ற, முஃமின்களின் அன்னை என்ற மரியாதையுள்ள பெண்மணியாக இருந்தார். இந்தப் பெயர் அரபிகளிடம் புதிதும் அல்ல. அபூஜஹ்லின் மகளுக்கும் ஜுவைரிய்யா என்றே பெயர். குறைஷித் தலைவனொருவன் தன் மகளைக் குட்டி அடிமை என்றா அழைத்திருப்பான் என்று நாம் கேட்டபோது, உள்ளேயிருந்து நன்னியின் மறுப்பு ஒன்றும் வரவில்லை.

பெயர் மாறியதைச் சொல்லும் ஹதீஸோடு சேர்த்தே அபூதாவூத் கிதாபில் மற்றொரு செய்தியும் வருகிறது. ஒரு நாள் ஃபஜ்ரு வேளையில் நாயகம் (ஸல்) அவர்கள் வெளியே சென்றபோது அன்னை ஜுவைரிய்யா (ரலி) அவர்கள் தொழுத இடத்தில் அமர்ந்து திக்ரு செய்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்து பார்த்தால் அதே இடத்தில் அப்படியே அமர்ந்திருந்தார்கள். நான் போனதிலிருந்து இப்படியேவா என்று விசாரித்துவிட்டு, தாம் சென்ற பின் மூன்று முறை ஓதிய நான்கு சொற்கள், விடியலிலிருந்து அவர்கள் ஓதியவை அனைத்தையும் எடையில் மிகைத்துவிடும் என்று சொல்லி அவற்றைக் கற்றுக் கொடுத்தார்கள். அவன் படைப்புகளின் எண்ணிக்கை அளவுக்கும், அவன் திருப்தியுறும் அளவுக்கும், அர்ஷின் எடை அளவுக்கும், அவன் வார்த்தைகளை எழுதும் மையின் அளவுக்கும் அல்லாஹ்வைத் துதித்துப் புகழ்வதே அந்த திக்ரு. காலையில் அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில், வெகு நேரம் முஸல்லாவில் அமர முடியவில்லையே என்று வருந்தும் தாய்மார்கள் இதை அரபியில் பாடம் செய்து கொள்ளலாம். முஸ்லிம் ஷரீஃபில் உள்ள ஹதீஸ் இது.

அன்னையவர்கள் வழியாக வந்த ஹதீஸ்கள் ஏழு என்பார்கள். எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் அன்றாடத்துக்கு வேண்டியவை. ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் நோன்பு நோற்றிருந்தார்கள். நேற்று நோற்றாயா, நாளை நோற்பாயா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்க, இரண்டுக்கும் இல்லையென்று பதில் வந்தது. அப்படியானால் விட்டுவிடு என்றார்கள். வெள்ளியை மட்டும் தனியாக எடுத்து நஃபில் நோன்பு வைக்க வேண்டாம், முந்தின நாளையோ பிந்தின நாளையோ சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற பாடம் இதிலிருந்துதான் கிடைக்கிறது. நம் பகுதியில் நேர்ச்சை என்று வெள்ளிதோறும் நோன்பு வைக்கும் பெண்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

மற்றொரு நாள் நாயகம் (ஸல்) அவர்கள் வந்து சாப்பிட ஏதும் உண்டா என்று கேட்டார்கள். வீட்டில் வேறெதுவுமில்லை. அன்னையவர்கள் உரிமை விட்ட பணிப்பெண்ணுக்கு யாரோ ஸதகாவாகக் கொடுத்த ஆட்டின் எலும்புத் துண்டு மட்டுமே இருந்தது. ஸதகாப் பொருள் நாயகத்துக்கு ஆகாது என்பதால் அவர்கள் தயங்கினார்கள். அது சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்துவிட்டது, கொண்டு வா என்றார்கள். ஸதகா ஏழையின் கைக்குப் போனதும் அது அவருடைய சொந்தப் பொருள். அவர் பிறருக்குக் கொடுத்தால் அது அன்பளிப்பு. ஜகாத் வாங்கிய ஏழை வீட்டில் சாப்பிடலாமா என்று நம்மிடம் அடிக்கடி கேட்கிறார்களே, அதற்குப் பதில் அன்னை ஜுவைரிய்யாவின் அடுப்படியில் இருக்கிறது. மன்னர்கள் அஞ்சிய ஒருவரின் வீட்டில் அன்று இருந்தது ஓர் எலும்புத் துண்டு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாயகம் மறைந்தபோது ஒரு வெள்ளைக் கோவேறு கழுதையும், ஆயுதமும், தர்மமாக்கிவிட்ட நிலமும் தவிர, தீனாரோ திர்ஹமோ விட்டுச் செல்லவில்லை என்று அறிவிப்பவர் அம்ரு இப்னு ஹாரிஸ் (ரலி). அவர் அன்னை ஜுவைரிய்யாவின் உடன்பிறந்தவர்.

நாயகத்துக்குப் பின் நெடுங்காலம் மதீனாவிலேயே வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 50இல் 65ஆம் வயதில் காலமானார்கள் என்பர். ஹிஜ்ரி 56 ரபீஉல் அவ்வலில் என்றும், மதீனாவின் ஆளுநர் மர்வான் ஜனாஸாத் தொழுகை நடத்தினார் என்றும் வாகிதீ எழுதுகிறார். ஜன்னத்துல் பகீயில் அடக்கப்பட்டார்கள்.

இவ்வளவு சிறப்பிருந்தும் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தப் பெயர் அருமையாகவே இருந்தது. கதீஜா பீவி, ஆயிஷா பீவி, பாத்திமா, செய்னம்பு, மைமூன், சபியா என்று மற்ற அன்னையரின் பெயர்கள் தெருவுக்குத் தெரு ஒலிக்கின்றன. ஜைனபைச் செய்னம்பு ஆக்கிக்கொண்ட நம் நாவுக்கு ஜுவைரிய்யா மட்டும் வளையவில்லை போலும்! உருது பேசுவோர் ஜவேரியா என்று எளிதாக்கிக் கொண்டார்கள். பாகிஸ்தானில் அது மிகவும் பழகிய பெயர். மலாய் நாட்டிலும் இந்தோனேஷியாவிலும் ஜுவைரிய்யா, ஜுவாரியா என்ற பெயர்கள் உண்டு. ஒரு காலத்தில் இது ஆண்களுக்கும் இருந்தது என்றால் நம்புவீர்களா? பஸராவைச் சேர்ந்த ஹதீஸ் அறிவிப்பாளர், ஹிஜ்ரி 173இல் காலமானவர், ஜுவைரிய்யா இப்னு அஸ்மா. மகன், தகப்பன் இருவருக்குமே நாம் பெண்களுக்கு வைக்கும் பெயர்! மதரஸாவில் முதன்முதலில் அந்த ஸனதை ஓதியபோது ஓர் அம்மையார் என்று எண்ணிக்கொண்டு உஸ்தாதிடம் நாம் அசடு வழிந்ததுண்டு.

இலுப்பூர் என்ற பெயரை இலுப்பை மரத்தோடு சேர்த்துப் பொருள் சொல்வார்கள். ஆனால் இலுப்பூர்க்காரர் என்றதும் நமக்கு மரமா நினைவுக்கு வருகிறது? அங்கே உள்ள மனிதர்கள்தாம் வருகிறார்கள். ஜுவைரிய்யா என்றால் அகராதியில் சின்னப் பெண். நமக்கோ 100 குடும்பங்களின் விலங்கு கழல்வதற்குக் காரணமாக இருந்த ஓர் அன்னை. இதைச் சொன்ன பிறகு ரோஜாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பதிவேட்டில் எழுதுவது குறித்தும் ஒரு வார்த்தை சொன்னோம். பிறப்பைப் பதிந்து 12 மாதங்களுக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். அவசரத்தில் ஜவகரியா என்றோ சுவேரியா என்றோ எழுதிவிட்டால், பிறகு பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாகத் திருத்த அலைய வேண்டியிருக்கும். எனவே ஒரு தாளில் அரபியிலும் தமிழிலும் பெயரை எழுதி, குழந்தையின் அத்தாவின் சட்டைப்பையில் வைத்தோம்.

அஸர் தொழுகை முடிந்து பெயர் சூட்டினோம். நன்னி பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டு அதன் காதருகே மூன்று முறை அழைத்தார். முதல் இரண்டு முறையும் ஜுவேரியா என்றே வந்தது. மூன்றாவது முறை, நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜுவைரிய்யா என்று திருத்தமாகச் சொன்னார்.